ரெட்டைவரிச் சீலா

ஆர்ட்டிஸ்ட் அக்கா யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. யாராவது அவரை நோகடித்தால், வலது கையிலிருக்கும் பென்சிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அந்த ஆளின் முகத்தை ஒரு நிமிடம் பார்ப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து வரையத் தொடங்குவார். புதிதாக வந்தவர்கள் அவரைப் பொறுமைசாலி என்று நினைத்துக்கொள்வார்கள். விலங்கியல் துறையில் நாலைந்து வருடம் அவரோடு இருந்த எங்களுக்குத்தான் அந்தப் பார்வை எதற்கென்று தெரியும். முகம் மறந்துபோய்விடக் கூடாது என்று பார்க்கிறார்.

நான் அப்போது ஊட்டியில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர். எங்கள் வீடு காந்தலில். அவரும் காந்தலிலேயே, எங்கள் தெருவுக்கு மேல்தெருவில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தார். காலையில் இருவரும் சேர்ந்தே நடந்து போவோம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். துறையின் சுவர் முழுக்கத் தொங்கிய சார்ட்டுகள் எல்லாம் அவர் வரைந்தவை. சம்பளப் பட்டியலில் லேப் அசிஸ்டென்ட். ஆனால் முதல்வரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் ஆர்ட்டிஸ்ட் அக்காதான்.

ஊட்டிக் குளிரில் இந்தியன் இங்க் கெட்டிப்படும். வெந்நீர் டம்ளரில் மைப் புட்டியை நிறுத்திவைத்துத்தான் வரைவார். ஜூலை மூடுபனியில் நமுத்துப்போகும் காகிதத்தை பல்புக்கு அடியில் காயவைப்பார். முழங்கையில் ஒட்டுப்போட்ட, ஆண்கள் போடுகிற ஸ்வெட்டர் ஒன்றை வருடம் முழுக்கப் போட்டிருப்பார். இந்த ஊரில் எல்லாம் நனைந்தே கிடக்கிறது, தண்ணீரைத்தான் காணோம் என்பார். அவர் தண்ணீர் என்று சொன்னால் அது கடல். பிறந்தது தூத்துக்குடிப் பக்கம், வளர்ந்தது அந்தமானில். அப்பா போர்ட் பிளேரில் படகோட்டி.

மார்க்கெட்டில் ஒருவர் மீன் விற்பார். கோழிக்கோட்டிலிருந்து கூடலூர் வழியாக ஐஸில் வரும் மீன். ஒருமுறை அக்காவின் தலையில் கெட்டுப்போன அயிலையைக் கட்டிவிட்டார். செவுளில் சிவப்புச் சாயம் தடவியிருந்தது. மறுநாள் போய்ச் சொன்னதற்கு, மீனைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அக்கா அந்த முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வந்துவிட்டார். ஒரு வருடம் கழித்து அதே ஆள் கடையைப் பெரிதாக்கிவிட்டு, போர்டு எழுத ஆள் தேடி, யாரோ சொல்லி, அக்காவிடமே வந்து நின்றார். பழசு எதுவும் அவருக்கு நினைவில்லை. அக்கா சந்தோஷமாக ஒத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்து கொடுத்தார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அழகான அயிலை. நெருங்கிப் பார்த்தால் கண் லேசாக உள்வாங்கியிருக்கும், செவுளோரம் சாம்பல் பூத்திருக்கும், வயிறு கொஞ்சம் உப்பியிருக்கும். கடை வாசலுக்கு வந்தவர்கள் அந்தப் போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். ஏன் போகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. இரண்டு மழைக்காலம் அது அங்கே தொங்கியது.

நான் கேட்டபோது, “பொய்யா ஒரு கோடு போடலளா. அவன் எனக்கு வித்த மீனத்தான வரஞ்சேன்” என்றார்.

துறையில் மூத்த விரிவுரையாளர் அம்மா ஒருவர் இருந்தார். அக்காவின் பேச்சை மாணவிகள் முன்னால் பேசிக்காட்டிச் சிரிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. மீன்காரி என்று பெயரும் வைத்திருந்தார். நாலு வருடம் கழித்து அவர் மாற்றலாகிப் போகும்போது, பிரிவு உபசார விழாவில் அக்கா அவருடைய முகத்தைப் பென்சிலால் வரைந்து சட்டம் போட்டுக் கொடுத்தார். இரட்டைத் தாடை, ஏளனத்தில் ஒருபக்கம் கோணிய உதடு, அடுத்தவர் தட்டைப் பார்க்கும் கண். எல்லாமே உள்ளபடி. கூட்டம் கைதட்டியது. அந்த அம்மா படத்தை வாங்கி, திருப்பி, முகம் மேஜையில் படும்படி வைத்துவிட்டுத் தேநீர் குடித்ததை நான் பார்த்தேன்.

“சூட்டோட சூடாக் குடுத்தா அது சண்ட. அவுங்க மறந்தப்பறம் குடுத்தாத்தான் அது பதிலு.” இதை அக்கா அடிக்கடி சொல்வார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறக்காமல் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு ஆள் இருப்பது ஒரு தெம்பு.

யாரும் கேட்காமல் அவராகவே வரைந்து மாட்டிய சார்ட் ஒன்று இருந்தது. ஸ்பெசிமன் அறைக் கதவுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சம் விழும் இடத்தில். ரெட்டைவரிச் சீலா. நாம் வஞ்சிரம் என்று வாங்குவதை அவர்கள் ஊரில் சீலா என்பார்கள். இது அதற்கு உறவு. மற்ற சீலாக்கள் நடுக்கடலெல்லாம் சுற்றும், இது பவளப்பாறையை விட்டு நகராது. பாறை முடிந்து கடல் திடீரென்று ஆழத்துக்கு இறங்குகிற விளிம்பில், பகல் முழுக்க நூற்றுக்கணக்கில் ஒரே திசையைப் பார்த்தபடி நீரோட்டத்தில் நிற்குமாம். அவருடைய அப்பா படகை நிறுத்தி, எட்டிப் பாரு, வெள்ளித் தட்டு அடுக்கி வச்சிருக்கு என்பாராம். முதுகு நீலப்பச்சை, வயிறு வெள்ளி, உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. கண் மட்டும் பெரிசு. நெத்திலி மாதிரிப் பொடிமீன்களும் நண்டுக் குஞ்சுகளும் தீனி. சமைத்தால் மூத்திர வாடை அடிக்கும் என்பதால் அம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து மூன்று தண்ணீர் அலசுவாராம்.

எல்லா மீனுக்கும் செவுளிலிருந்து வால்வரை பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும். தண்ணீரின் அசைவை மீன் அந்தக் கோட்டால்தான் உணரும். இந்த மீனுக்கு இரண்டு. மேல்கோடு முதுகை ஒட்டிப் போகும். முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்துக்குக் கீழே அதிலிருந்து இன்னொன்று பிரிந்து, நேராகக் கீழே இறங்கி, வயிற்றோரமாகவே போய், வாலுக்குச் சற்று முன்னால் மேலேறி மறுபடி மேல்கோட்டோடு சேர்ந்துவிடும். அந்தச் சேரும் இடம்தான் அந்த மீனின் கையெழுத்து என்பார் அக்கா. சார்ட்டில் அந்த இடத்தை ஒற்றை மயிர்த் தூரிகையால் வரைந்திருந்தார்.

இதைச் சொன்ன அன்றைக்குத்தான் மற்றதையும் சொன்னார். அவருக்குப் பத்தொன்பது வயதில் ஓர் ஆராய்ச்சியாளர் போர்ட் பிளேருக்கு வந்தார். அப்பாதான் அவரைப் பாறைக்குப் படகில் கூட்டிப்போவார். மகள் நன்றாக வரைவாள் என்று தெரிந்ததும் அவளையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருடம். பிடித்த சீலாவின் நிறம் மங்குவதற்குள் அக்கா படகிலேயே உட்கார்ந்து வரைந்தார். எந்த மாதம் எங்கே நிற்கிறது, இரைப்பையில் என்ன இருந்தது, எப்போது முட்டை வைத்திருக்கிறது என்று நோட்டு நோட்டாக எழுதினார். கட்டுரை அச்சாகி வந்தபோது அதில் இவர் பெயர் இல்லை. படத்துக்கு அடியில் ‘படம்: ஆசிரியர்’ என்று இருந்தது. இவர் போய்க் கேட்டார். அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் ஒரு மைக்ராஸ்கோப் லென்ஸ் காணாமல்போனதென்றும், இவர்தான் எடுத்ததென்றும் அந்த ஆள் எழுதிக்கொடுத்தார். இவர் வேலை போனது. அப்பாவையும் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள். கடைசிவரை மரமில்லில் சுமை தூக்கினார்.

“அதெல்லாங்கூடப் போவுது” என்றார் அக்கா. “ஒருநா அப்பா என்கிட்ட வந்து, நெசமா நீ எடுக்கலல்லா மக்கா, அப்படின்னு கேட்டாரு. எங்கப்பன அப்படிக் கேக்க வச்சான் பாரு, அதுக்குத்தான் நான் இன்னும் உசுரோட இருக்கேன்.”

அந்த ஆள் ஊட்டிக்கு வந்தார்.

கோடையில் கல்லூரி ஆசிரியர்களுக்கு எங்கள் கல்லூரியில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. அதைத் தொடங்கிவைக்க வந்தவர் அவர்தான். தலை நரைத்து, பெரிய பெயர் வாங்கி, கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு துறையைச் சுற்றிப்பார்த்தவர் சீலா சார்ட்டின் முன்னால் நின்றுவிட்டார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்த மீன்தான். யார் வரைந்தது, இவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததேயில்லை என்றார். துறைத்தலைவர் பெருமையாக அக்காவை முன்னால் அழைத்து நிறுத்தினார். எங்கே கற்றுக்கொண்டாய் என்று அவர் கேட்டார். அந்தமானில் சார் என்றார் அக்கா. நானும் அங்கே இருந்திருக்கிறேன் என்று அவர் சிரித்தார். அவ்வளவுதான். அக்காவின் கையில் பென்சில் இடம் மாறியது. அவர் எதையும் கவனிக்கவில்லை.

கல்லூரி மாணவர்களுக்காகக் கடல்மீன்களைப் பற்றி ஒரு பாடநூல் எழுதிக்கொண்டிருப்பதாகவும், நாற்பது படங்கள் தேவை என்றும் சொன்னார். அக்கா தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் இருவரும் காந்தலுக்குத் திரும்பினோம். எங்கள் தெரு முக்கு வந்ததும் அக்கா நின்றார்.

“மறந்துட்டாம்ளா.”

அந்தக் குரலில் வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

எட்டு மாதம் வரைந்தார். முப்பத்தொன்பது மீன்கள், ஒரு செதில் பிசகாமல். நாற்பதாவதை முடித்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேஜைமேல் சீலா. கண் பளபளத்தது. முதுகின் நிறமும் வயிற்றின் நிறமும் சந்திக்கும் இடம் தெரியவே இல்லை. நான் வியந்துகொண்டே கோட்டைத் தொடர்ந்து போனேன். கீழ்க்கோடு வயிற்றோரமாக ஓடி, வாலுக்கு நாலு விரல் முன்னால் தேய்ந்து நின்றுவிட்டது.

“ஏனுங்க அக்கா, கோடு சேரலீங்களே.”

“சேராது.”

அந்த ஆள் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால் என்று கேட்டேன். அந்த ஆள் மீனைப் பார்த்து எழுதியவர் இல்லை, என் நோட்டைப் பார்த்து எழுதியவர், படம் அழகாக இருந்தால் அச்சுக்கு அனுப்பிவிடுவார் என்றார். புத்தகத்தில் உங்கள் பெயர் வந்தால் பழி உங்கள்மேல்தானே விழும் என்றேன்.

“எம்பேரப் போட்டான்னா அவன் தப்பிச்சிருவான். போட மாட்டான். ‘படம் ஆசிரியர்’னு போடுவான். அப்பறம் யாராவது கேட்டா, வரஞ்சவ தப்பாப் போட்டுட்டான்னு அவனால சொல்ல முடியாது. அவன் மீனு. அவன் படம். அவனே மாட்டிக்கிடுவான்.”

நான் சிரித்தேன். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. மீன்கடை போர்டும் பென்சில் முகமும் உண்மையை வைத்துச் செய்தவை. இவர் பொய்யாக வரைந்தது இதுதான் முதல்முறை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தப் படத்துக்கு மட்டும் மூன்று காகிதம் வீணானது என்று அவரே சொன்னார்.

புத்தகம் வந்தது. முதல் பக்கத்திலேயே ‘படங்கள்: ஆசிரியர்’. அக்கா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் டீயும் வர்க்கியும் வாங்கித் தந்தார். அவர் யாருக்கும் வாங்கித் தந்து நான் பார்த்ததில்லை.

பிறகு காத்திருந்தார். மாதாமாதம் லைப்ரரிக்குப் போய்ப் புதிதாக வந்த ஆராய்ச்சிப் பத்திரிகைகளைப் புரட்டுவார். இவ்வளவு பெரிய மனிதர் தன் சொந்த மீனையே தப்பாகப் போட்டிருக்கிறாரே என்று யாராவது எழுதுவார்கள், ஊர் சிரிக்கும். ஒரு வருடம் போனது. இரண்டு, மூன்று. யாரும் எழுதவில்லை. யாருமே அந்த மீனைப் பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. அந்த ஆளுக்குப் பொன்னாடை போர்த்திய படம் செய்தித்தாளில் வந்தது. புத்தகம் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. அதைப் பார்த்து நோட்ஸ் போட்டவர்களும் கோயம்புத்தூரில் சார்ட் அச்சடித்தவர்களும் கோட்டை நாலு விரல் முன்னாலேயே நிறுத்தினார்கள்.

ஒருநாள் துறைத்தலைவர் அக்காவிடம் வந்து, நம்ம சார்ட்டில் வால்பக்கம் தப்பு இருக்கிறது, புத்தகத்தில் உள்ளபடி மாற்றிவிடுங்கள் என்றார். அதிகாரமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா ஸ்டூலில் ஏறி நின்று, தான் ஒற்றை மயிரால் சேர்த்த இடத்தை வெள்ளி வண்ணம் பூசி மறைத்தார். கீழே இறங்கி வந்து தூரிகையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

அதற்கும் இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் பி.எஸ்ஸி. படிக்க வந்து சேர்ந்தாள். போர்ட் பிளேரில் இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். தமிழ்க் குடும்பம், அப்பா மீன்பிடிப்பவர். அதிகம் பேசமாட்டாள், ஆனால் மீன் அறுக்கச் சொன்னால் அவள் கையைப் பார்க்க மற்றவர்கள் கூடிவிடுவார்கள். இறுதியாண்டு படிக்கும்போதே கடல் உயிரியலில் மேல்படிப்புக்கு அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. பி.எஸ்ஸி. தேறிய கையோடு சேர வேண்டும். அக்காவுக்கு அவளை மிகவும் பிடிக்கும். ஊர்க்காரி என்பதால் இருக்கலாம். ஆனால் தானும் அங்கிருந்து வந்தவள் என்று அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இறுதியாண்டு பிராக்டிகல் தேர்வில், பவளப்பாறையில் வாழும் ஒரு மீனை வரைந்து விளக்குக என்று ஒரு கேள்வி. அதற்குத்தான் அதிக மதிப்பெண். அவள் சீலாவை வரைந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தாளைப் பார்த்துவிட்டு, வால்பக்கம் சிவப்பு மையால் அடித்தார். பாடநூலைப் படித்தாயா என்று கேட்டார்.

“படிச்சேன் சார். புத்தகத்துல தப்பா இருக்கு. இது எங்கப்பா பிடிக்கிற மீனு. கீழ்க்கோடு வாலுகிட்ட போய்ச் சேரும்.”

அவர் முகம் மாறியது. அந்த மீனை வைத்தே பெயர் எடுத்தவர் எழுதிய புத்தகம், உனக்கு அதைவிடத் தெரியுமோ என்றார். அவள் பணிவாகத்தான், ஆனால் விடாமல், நான் பார்த்திருக்கிறேன் சார் என்றாள். உள்தேர்வாளர் என்ற முறையில் நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்கள் மேடம் என்றார். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“புத்தகத்துல அப்படித்தானுங்க சார் இருக்கு” என்றேன்.

அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். எதிர்த்துப் பேசியதாக வாய்மொழித் தேர்விலும் பூஜ்யம். பிராக்டிகலில் பெயிலாகி, மேல்படிப்பு இடம் கைவிட்டுப்போய், அவள் ஊருக்கே கப்பல் ஏறிவிட்டாள்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை. அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். ஒரு பள்ளி வேன் எங்களைத் தாண்டிப் போகும்வரை சாலையோரத்தில் நின்றார். பிறகு, நாளைக்கு லீவு போடு என்றார்.

மறுநாள் இருவரும் கோயம்புத்தூர் போய் அந்தத் தேர்வாளரைப் பார்த்தோம். அக்கா முப்பது வருடம் பெட்டியில் வைத்திருந்த பழைய கட்டுரையை விரித்துக் காட்டினார். அதில் கோடு சேர்ந்திருந்தது. தேர்வாளர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். ஒரே ஆள் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார், எது சரியென்று அவர்தான் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே புத்தக ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. இளம் வயதில் தான் வரைந்த பழைய படத்தில் பிழை இருந்தது, பின்னாளைய ஆய்வில் தானே அதைத் திருத்திக்கொண்டேன், புத்தகத்தில் இருப்பதே சரி.

அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“நான் போட்ட பொய்க்கு இப்ப அவன் காவல் நிக்கான் பாத்தியா” என்றார். சிரிக்கவில்லை.

அன்றே உட்கார்ந்து எழுதினார். நாற்பது படங்களையும் வரைந்தது நான். நாற்பதாவது படத்தைத் தெரிந்தே தவறாக வரைந்தேன். அந்த மாணவி வரைந்ததுதான் சரி. கீழே முழுப்பெயர், கையெழுத்து. பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, முதல்வருக்கு ஒன்று, பதிப்பகத்துக்கு ஒன்று. துறைத்தலைவர் படித்துவிட்டுப் பதறிப்போனார். தெரிந்தே என்பதை எடுத்துவிட்டு, கை தவறிப்போச்சு என்று எழுதச்சொல்லிக் கெஞ்சினார். வேலையாவது மிஞ்சும் என்றார்.

“கை தவறல சார். தவறிச்சுன்னு எழுதினா அவரு தவறலன்னுவாரு. அந்தப் புள்ளைக்கு மார்க் வராது.”

மெமோ வந்தது. விசாரணை வரும்வரை காத்திருக்காமல் அவரே ராஜினாமா எழுதிக்கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் யாரோ ஒருவர் கடைசியில் அந்தமானுக்கு எழுதி, ஃபார்மலினில் போட்டு ஒரு மீனை வரவழைத்துப் பார்த்தார். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். பத்து மாதம் கழித்து அந்தப் பெண்ணின் மதிப்பெண் திருத்தப்பட்டது.

புத்தகத்துக்குள் ஒட்ட ஒரு திருத்தச் சீட்டும் வந்தது. நாற்பதாவது படத்திலுள்ள பிழை, இந்நூலுக்குப் படங்கள் வரைந்த ஓவியர் உள்நோக்கத்தோடு செய்தது, ஆசிரியர் அதற்குப் பொறுப்பல்ல. ஓவியர் என்பதற்குப் பக்கத்தில் அக்காவின் பெயர் முழுதாக அச்சாகியிருந்தது. லைப்ரரியில் இருந்து நான் அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன். எப்படித் தாங்குவார் என்று பயந்துகொண்டே நீட்டினேன். அவர் படித்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

“ஒத்துக்கிட்டாம்ளா. படம் வரஞ்சது நாந்தான்னு அவன் கையாலயே எழுதி அச்சடிச்சுட்டான்.”

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஒரு வாரம் அவர் நடையே வேறு மாதிரி இருந்தது.

திருத்திய மதிப்பெண் சான்றிதழை வாங்க அந்தப் பெண் நேரில் வந்தாள். அக்காவுக்கு அப்போது கல்லூரியில் வேலை இல்லை. ஆனால் காலையிலேயே வந்து ஆபீஸ் வராந்தாவில் நின்றிருந்தார். அவள் கவரோடு வெளியே வந்ததும் எதிரே போய், அந்தப் படத்தை வரைந்தது நான்தான், தப்பு என்மேல்தான் என்றார். நான் இரண்டடி பின்னால் நின்றேன்.

அவள் தெரியும் என்றாள். கோபமாகப் பேசவில்லை.

“எங்கப்பா படிக்காதவரு. புத்தகத்துல இருக்கறதுதான் சரியா இருக்கும்னு நெனச்சுக்கிட்டாரு. உனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்னு என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. இப்பல்லாம் அந்த மீனு வலையில வந்தா திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. பாத்துட்டு, எனக்குக் கண்ணு சரியில்லம்மாங்கறாரு.”

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்ததைவிட அதிக நேரம். பிறகு படியிறங்கிப் போனாள்.

அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். வாட்ச்மேன் பூட்ட வந்தபோதுதான் எழுந்தார். அந்த வாரமே அறையைக் காலி செய்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, மெட்ராஸ் போய்க் கப்பல் ஏறப்போகிறேன், அந்தப் புள்ளையோட அப்பாகிட்ட நேரில் சொல்ல வேண்டும் என்றார். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், வண்டி கிளம்பும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. அச்சு மாதிரியான அவர் கையெழுத்தில் நாலே வரி.

“அவரைப் பார்த்தேன். எல்லாம் சொன்னேன். நம்ப மாட்டேன் என்கிறார். மகளுக்குப் பாவம் பார்த்து மார்க் போட்டிருக்கிறார்கள், புத்தகம் எப்படித் தப்பாகும் என்கிறார். தினமும் அவர் படகில் போகிறேன். அவர் நம்புகிறவரைக்கும் இங்கேதான்.”

அவர் திரும்பி வரவில்லை.